பலசரக்குக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும்

(வெள்ளி விழாவையொட்டி அனுமந்தன்பட்டியில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதற்குப் பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ வீட்டுச் சாமான் வாங்குவதில் சிக்கனம் என்பது. அழைப்பிதழைப் பார்த்த என் பேரன், "தாத்தா, உங்களுக்குப் பருப்பும் எண்ணெயும்தானா கிடைத்தன?" என்று கேட்டுச் சிரித்தான். முப்பத்தோராண்டுக் காலம் கூட்டுறவுப் பண்டகசாலையில் தராசுக்குப் பின்னால் நின்றவனுக்கு வேறு எதைக் கொடுப்பார்கள்! இத்தலைப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு, நான் ஐந்தாம் வகுப்புப் படித்த 1963ஆம் ஆண்டுக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

அக்காலத்தில் எங்கள் தெருவினர் அனைவருக்கும் ஒரே பலசரக்குக் கடைதான். கடையின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அவர் காலமாகிவிட்டார், அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். அக்கடையின் படியில் நாங்கள் ஏறக் கூடாது. காசைப் படியின் ஓரத்தில் வைத்துவிட்டுத் துண்டை விரித்துக் கொண்டு நிற்க வேண்டும். சாமான் மேலிருந்து விழும். பெரும்பாலும் காசு இராது. பற்று நோட்டுத்தான் போகும். நடவும் களையெடுப்பும் இருக்கும் மாதங்களில் அம்மா உழைத்த நெல், அறுப்புக் காலத்தில் அந்த நோட்டுக்கே போய்ச் சேரும். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எங்கள் தெருவில் படித்துப் பார்த்தவர் எவருமில்லை, படிக்கத் தெரிந்தவர் இல்லாமையால்.

ஒரு நாள் நோட்டைத் தூக்கிக் கொண்டு நான் போனேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆசையில் வழியிலேயே படித்தேன். ஒரே தேதியில் மண்ணெண்ணெய் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. நாங்கள் வாங்காத வெல்லம் இருந்தது. நான் கடை வாசலில் நின்று அதை உரக்கப் படித்தேன். என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கணக்குத் திருத்தப்பட்டது என்றா? இல்லை. "இனி உங்கள் வீட்டுக்குக் கடன் இல்லை" என்ற சொல் வந்தது. அடுத்த ஒன்பது நாள் எங்கள் வீட்டில் உப்பும் மிளகாயும் பக்கத்து வீட்டு இரவல். பத்தாம் நாள் அம்மா ஆட்டுக் குட்டியை விற்றாள், பற்றை அடைத்தாள், மீந்த பணத்தில் ஒரு மாதச் சாமானைச் சந்தையில் ரொக்கத்துக்கு வாங்கி வந்தாள். அதன் பிறகு அவள் இறக்கும் வரை எந்தக் கடையிலும் பற்று வைக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நிற்காமல் பள்ளி இறுதி வரை படித்ததற்கு அந்த ஆட்டுக் குட்டிதான் முதற் காரணம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

தீண்டாமைக் குற்றச் சட்டம் அப்போது இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். இருந்தது. 1955இல் இயற்றப்பட்ட அச்சட்டத்திற்கு அப்போது எட்டு வயது. எனக்குப் பத்து வயது. பின்னர் 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. கடைக்குள் நுழைவதைத் தடுப்பதும், மற்றவர்க்கு விற்கும் பொருளை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே நிபந்தனையில் நமக்கு விற்க மறுப்பதும் குற்றம் என்று அச்சட்டம் தனித்தனிப் பிரிவுகளாகவே கூறுகிறது. அதற்கும் முன்பே நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சாதியின் பெயரால் எவருக்கும் மறுக்கப்படக் கூடாத இடங்களைச் சொல்லும்போது கடைகளை முதலில் குறிப்பிடுகிறது. கடைக்கு அத்தகைய இடத்தை அச்சட்டத்தில் அளித்ததற்கு வரலாறு இருக்கிறது.

1928இல் பம்பாய் அரசாங்கம் ஸ்டார்ட் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. டாக்டர் அம்பேத்கர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். 1930இல் வெளியான அதன் அறிக்கை, ஒடுக்கப்பட்டோர் உரிமை கேட்டால் ஊரார் எடுக்கும் ஆயுதம் எது என்பதை விளக்கியது. நிலத்தை விட்டு வெளியேற்றுவார்கள், வேலையை நிறுத்துவார்கள், அதோடு, ஊர் வணிகரைத் தூண்டி அன்றாடத் தேவைப் பொருள்களை விற்காமல் நிறுத்திவிடுவார்கள். அதே ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் கையெழுத்திட்டு அளித்த கோரிக்கையில் இக்குழுவின் கருத்து எடுத்துக் காட்டப்பட்டது. ஊர் விலக்கம் செய்வதைக் குற்றமாக்க வேண்டும் என்றும், 1922இல் பர்மாவில் அதற்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது என்றும் அவர்கள் கேட்டார்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம், சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள்.

ஆகவே, உப்பும் புளியும் மிளகாயும் வெறும் சமையல் விஷயம் அன்று. யாரிடம் கடன்பட்டு உண்கிறோமோ அவர் முன் நம் குரல் தாழும். இதைச் சொன்ன பிறகு இப்போது கணக்குக்கு வருகிறேன்.

சிக்கனம் என்றால் குறைத்து உண்ணுவது என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். நம் மக்களைப் பார்த்து இன்னும் குறைத்து உண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு நாக் கூசும். விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பும் பெண்ணுக்குப் பருப்பும் முட்டையும் வேண்டும்; படிக்கும் பிள்ளைக்குப் பால் வேண்டும். நான் சொல்லும் சிக்கனம் வேறு. அதே பொருளுக்கு, வசதியுள்ளவன் கொடுக்கும் விலையைவிட நாம் கூடுதலாகக் கொடுக்காமல் இருப்பதே அது. ஏழைதான் எதையும் அதிக விலைக்கு வாங்குகிறான் என்பது தராசுக்குப் பின்னால் நான் கற்ற முதற்பாடம்.

எப்படி என்று பாருங்கள். கணக்கு எளிதாக வருவதற்காக விலைகளை நானே வைத்துக் கொள்கிறேன். உங்கள் கடை விலையை வைத்து நீங்கள் மாற்றிப் போட்டுக் கொள்ளுங்கள். அன்றன்றைக்குப் பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கும் வீட்டுக்கு ஐம்பது மில்லி கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் லிட்டர் 200 ரூபாய். லிட்டராக வாங்குகிறவருக்கு 160. மாதம் மூன்று லிட்டர் செலவாகும் வீட்டில் 120 ரூபாய் இழப்பு. நூறு கிராம் பருப்பு 18 ரூபாய் என்றால் கிலோ 180. கிலோவாக வாங்கினால் 150. மூன்று கிலோவில் 90 ரூபாய். மல்லி, மிளகாய், தேயிலை, சோப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நூறு. ஆக மாதம் 310. ஆண்டுக்கு 3,720 ரூபாய். இது கடனுக்கு வாங்கினால் ஏறும் விலையைச் சேர்க்காத கணக்கு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு வேண்டிய நூல்களும் விண்ணப்பக் கட்டணமும் இத்தொகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அத்தொகையை நாம் இப்போதும் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைக்கு அன்று, பொட்டலத்துக்கு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சிறு பொட்டலம் எல்லாமே நட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். 1970களில் சிறு உறையில் பொருளை அடைத்து விற்கும் முறையைப் பரப்பியவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பார். புட்டியாக வாங்க முடியாத கூலிக்காரரும் வசதியுள்ளவர் பயன்படுத்தும் பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் நோக்கம். ஷாம்பு போன்ற சிலவற்றில் உறையே புட்டியைவிட மலிவாக இருப்பதை நான் பலமுறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடாமல் பெரியது மலிவு என்று நம்புவதும் ஏமாற்றமே. இப்போது அதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022 முதல், அடைத்து விற்கும் பொருள்களின் உறையில் அதிகபட்ச விலையோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்துள்ளது. அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கும் வேலையை வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசும் கேட்கக் கூடாது. வரியெல்லாம் அதற்குள் அடக்கம். கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தராசிலும் எடைக்கல்லிலும் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. முத்திரையைத் தேடும் கண்ணைக் கண்டவுடன் தட்டு நேராக நிற்கும் அதிசயத்தை நான் கடைக்குள்ளிருந்தே பார்த்தவன்!

மலிவு என்று வாங்கிக் கெட்டுப் போவதும் உண்டு. உதிரியாகக் கிடைக்கும் மிளகில் பப்பாளி விதை, துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு, மஞ்சள் தூளில் சாயம் என்று கலப்படம் நுழைவது எளியவர் வாங்கும் இடத்தில்தான். மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும். பப்பாளி விதை மிதக்கும். மஞ்சளைக் கிழங்காகவும் மல்லியை விதையாகவும் வாங்கி, நாலு வீட்டுக்குச் சேர்த்து ஆலையில் அரைத்துக் கொண்டால் காசும் மிச்சம், கண்ணுக்கும் தெரியும்.

அடுத்து நியாயவிலைக் கடை. 1997இல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் என்று பங்கீட்டைச் சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோர்க்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. அரிசி அட்டைக்கு 2008 செப்டம்பர் முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்து வருகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. வெளிச் சந்தை விலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பருப்பையும் எண்ணெயையும் மாதம் தவறாமல் வாங்காத வீடு, யாருக்கோ நன்கொடை அளிக்கிறது என்றே பொருள். வேலைக்குப் போகும் நாளில் கடை திறந்திருக்கிறது, கடை திறக்காத நாளில் நாம் வீட்டிலிருக்கிறோம் என்ற குறை உண்மையானது. அதற்கு ஒரு நாள் கூலியை விடலாமா என்று கேட்கிறார்கள். குடும்ப அட்டையில் பெயருள்ள எவரும் போய்க் கைரேகை வைத்து வாங்கலாம். வீட்டிலிருக்கும் பெரியவரை அனுப்புங்கள்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் பங்கீட்டு அரிசி மலையேறிப் போவதும் பிடிபடுவதும் நாம் நாளிதழில் படிப்பதுதான். அந்த மூட்டையில் நம் தெரு அரிசியும் இருக்கிறது. கிலோவுக்குச் சில ரூபாய் வாங்கிக் கொண்டு அதை விற்றுவிட்டு, ஐம்பது அறுபது கொடுத்து வேறு அரிசி வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்? அது குற்றம் என்பது ஒருபுறம். சோற்றுக்கு விருப்பமில்லையென்றால் இட்டிலிக்கும் தோசைக்கும் புட்டுக்கும் அதை ஊறவைக்கலாமே! அரிசியில் நிறம் மாறிய சில மணிகளைக் கண்டு பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்களையும் பார்க்கிறேன். அவை இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் சேர்த்துச் செய்த மணிகள். நூற்றுக்கு ஒன்று வீதம் கலக்கப்பட்டவை. இரத்தச் சோகையுள்ள நம் பெண்களுக்காகத்தான் அது வந்திருக்கிறது.

காய்கறிக்குக் கம்பம் உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. விலைப் பலகை எழுதி வைத்திருக்கும்; அந்தப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். பேருந்துச் செலவைக் கழித்துப் பார்க்க மறக்க வேண்டாம். ஒரு வீட்டுக்காகப் போவதைவிட நாலு வீட்டுக்கு ஒருவர் போவது மேல்.

சிக்கனம் என்றவுடன் மேடையில் நிற்பவர்கள் பெண்களைப் பார்த்தே பேசுவார்கள். நானும் இதுவரை அப்படித்தான் பேசியிருக்கிறேன் போலும். ஆண்கள் என்னை மன்னிக்க வேண்டும். வாரக் கூலி கைக்கு வந்த மாலையில் அதில் முதலில் கைவைப்பது எது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடையில் பற்று நோட்டும் இல்லை, பேரமும் இல்லை, ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறோம். பருப்புக் கடையில் மட்டும் கடன் சொல்கிறோம்!

இப்போது முக்கியமான தடைக்கு வருகிறேன். "மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது எங்களுக்குத் தெரியாதா? மொத்தமாகக் கொடுக்கப் பணம் எங்கே?" இக்கேள்வியை ஒரு தாய் சென்ற கூட்டத்தில் எழுப்பினார். சரியான கேள்வி. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844இல் இதே கேள்வி எழுந்தது. நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் வாரந்தோறும் சில்லறைக் காசு சேர்த்து, அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் மாவும் மெழுகுவத்தியுமே இருந்த சரக்கு. கலப்படம் இல்லை, எடை குறையாது, கடன் கிடையாது, இலாபம் அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திரும்பி வரும் என்பன அவர்கள் விதிகள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தக் கடை முன்மாதிரியாயிற்று. நம் சென்னையில் 1904இல் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. பின்னாளில் மதுரையில் பாண்டியன், கோவையில் சிந்தாமணி என்று வளர்ந்தன. நம் மக்களுக்கும் இதில் பழைய பழக்கம் உண்டு: 1920களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் ஆணையர் துறை ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை வாங்கக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தியது. தவணையாகக் காசு கட்டி மனை வாங்கிய மக்களால் சேர்ந்து பருப்பு வாங்க முடியாதா?

முடியும், ஆனால் எளிதன்று. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1980களில் நானும் நண்பர்கள் சிலரும் பன்னிரண்டு வீடுகளைச் சேர்த்துக் கூட்டுக் கொள்முதல் ஒன்றைத் தொடங்கினோம். கணக்கு என்னிடம். எட்டாவது மாதத்தில் நின்று போயிற்று. வெளியார் எவரும் அதைக் கெடுக்கவில்லை. என் மைத்துனர், "அடுத்த வாரம் தருகிறேன் மாப்பிள்ளை" என்று ஐந்து கிலோ பருப்பைத் தூக்கிக் கொண்டு போனார். உறவுக்காரரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைப் பார்த்து மற்றொருவர். அவரைப் பார்த்து இன்னொருவர். கடனுக்கு எதிராகத் தொடங்கியது கடனாலேயே மூழ்கியது. பற்று நோட்டை ஊர்க் கடையிலிருந்து என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்தேன், அவ்வளவே நான் செய்த புரட்சி.

ஆகவே என் யோசனையைக் கேளுங்கள். பத்து வீடுகள் போதும். வீட்டுக்கு வாரம் 100 ரூபாய் என்றால் நான்கு வாரத்தில் 4,000. முதல் மாதம் எண்ணெய் ஒன்று மட்டும் வாங்குங்கள். எல்லாச் சாமானையும் ஒரேயடியாகத் தொட வேண்டாம். அடுத்த மாதம் பருப்பு. மகளிர் சுய உதவிக் குழு ஏற்கனவே இருக்கும் தெருவில் புதிதாக எதையும் அமைக்க வேண்டியதில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த இயக்கம் நம் பெண்களுக்குக் கணக்கும் கையெழுத்தும் பழக்கியிருக்கிறது. கடன் வாங்கித் திருப்பக் கூடுகிற கூட்டம், சாமான் வாங்கவும் கூடலாம். பணம் ஒருவர் கையில், நோட்டு இன்னொருவர் கையில், கொள்முதல் மூன்றாமவர் கையில். ரொக்கம் இன்றி ஒரு பொட்டலமும் வெளியேறக் கூடாது, தலைவரின் அண்ணனாகவே இருந்தாலும். நெருக்கடியில் இருப்பவருக்கு உதவ வேண்டுமானால் அதற்குத் தனி உண்டியல் வையுங்கள். சரக்கில் கை வைக்காதீர்கள். தீபாவளிக்கு மளிகை தருகிறோம் என்று வீடு தேடி வந்து சீட்டுப் பிடிக்கிறவர்களிடம், பதிவுச் சான்று இல்லாவிட்டால், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஐப்பசி பிறக்கும்போது அவர்கள் ஊரில் இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நோட்டு எழுதும் வேலையை இச்சங்கத்தின் மாலை வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். மாதம் ஒரு முறை அதை அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தது போல.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கட்டடத்தின் பின்னறையில் நான் இருப்பேன். பெயர் கொடுக்க விரும்பும் வீட்டார், சென்ற மாதம் வாங்கிய சாமான்களின் பட்டியலை, துண்டுக் காகிதமானாலும், கையோடு கொண்டு வாருங்கள். பற்று நோட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். யாருக்கும் காட்ட மாட்டேன், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். எழுதுகோலும் கண்ணாடியும் நான் கொண்டு வருகிறேன்.